கடைக்குப் போகும் இன்ஸ்டாலர்: பில்லிங் சாஃப்ட்வேருக்கு செட்டப் தயாரிக்கும் முறை

நாகர்கோவிலில் எழுதும் பில்லிங் சாஃப்ட்வேர் பெரும்பாலும் நாகர்கோவிலுக்கு வெளியேதான் ஓடும். குலசேகரத்து ரப்பர் ஷீட் கடை, தோவாளைப் பூக்கடை, குளச்சல் மீன் கம்பெனி, மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் இடம் என்று இடத்துக்கு இடம் கம்ப்யூட்டர் வேறு. ஒன்றில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும், பக்கத்துக் கடையில் விண்டோஸ் 11. அட்மின் பாஸ்வேர்டு முதலாளியின் மகனுக்கு மட்டும் தெரியும். அவர் இருப்பது துபாயில். நெட் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

முதல் இன்ஸ்டால் யார் செய்தாலும் சரியாக வந்துவிடும். சிக்கல் வருவது இரண்டாவதில்: மூன்று வருஷ பில் கிடக்கும் கம்ப்யூட்டரில், நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில், கடைப் பையன் புது வெர்ஷனை ஏற்றும்போது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது இன்ஸ்டாலுக்காகத்தான். கருவியாக இன்னோ செட்டப்பை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சின்ன நிறுவனத்துக்கு அது போதும். டொமைன் போட்டு நூறு கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் தள்ளும் வாடிக்கையாளர் இருந்தால் எம்எஸ்ஐ (விண்டோஸே இன்ஸ்டால் செய்யும் பேக்கேஜ் வடிவம்) கேட்பார்கள். அங்கே மாறுவதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

எது எங்கே போக வேண்டும்

நிரல் நம்முடையது; டேட்டா கடைக்காரருடையது. இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்கக்கூடாது. எக்ஸிஇ, டிஎல்எல், ரிப்போர்ட் வடிவங்கள் எல்லாம் புரோகிராம் ஃபைல்ஸுக்குள். டேட்டாபேஸ், கடை விவரம், பில் எண் தொடர் ஆகியவை புரோகிராம்டேட்டாவுக்குள். ஜன்னல் அளவு, கடைசியாகத் தேர்ந்தெடுத்த பிரின்டர் போன்ற ஆளுக்கு ஆள் மாறும் சங்கதிகள் அந்தந்த யூசரின் ஆப்டேட்டாவுக்குள்.

இதை மீறினால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் உடனே ஒன்றும் நடக்காது. மேனிஃபெஸ்ட் (நிரலுக்கு என்ன அனுமதி வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32-பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் போனால், விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் அதைத் தடுப்பதில்லை. சத்தமில்லாமல் திருப்பி விடுகிறது. எழுதியதெல்லாம் அந்த யூசரின் ஆப்டேட்டாவில், லோக்கல் ஃபோல்டருக்குள், வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் போய் விழும். படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். நிரலுக்கு இது தெரியாது, நமக்கும் தெரியாது. மாதக்கணக்கில் வேலை ஒழுங்காக நடக்கும்.

பிறகு ஒருநாள் நிரலை 64-பிட்டாக மாற்றுவீர்கள், அல்லது மேனிஃபெஸ்ட் சேர்ப்பீர்கள். அதோடு திருப்பிவிடுவது நின்றுபோகும். புது வெர்ஷன் நிஜ புரோகிராம் ஃபைல்ஸைத் திறக்கும். அங்கே கிடப்பது முதல் நாள் வைத்த காலி டேட்டாபேஸ். குலசேகரத்திலிருந்து போன் வரும்: “நேத்து வரைக்கும் போட்ட பில்லு ஒண்ணையும் காணலியே சாரே!” பில் எங்கும் போகவில்லை, வெர்ச்சுவல்ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதற்குள் கடையில் ஒன்றாம் எண்ணிலிருந்து புது பில் போட ஆரம்பித்திருப்பார்கள். யாராவது ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தாலும் இதே கோளாறுதான்: அட்மினாக ஓடும்போது திருப்பிவிடுதல் கிடையாது என்பதால் ஒரு நாள் பில் ஒரு டேட்டாபேஸிலும் மறுநாள் பில் இன்னொன்றிலும் ஏறும்.

ஏற்கெனவே இப்படிக் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தால், புது வெர்ஷன் முதல்முறை திறக்கும்போது, நிரலே வெர்ச்சுவல்ஸ்டோரில் தேடட்டும். இதை இன்ஸ்டாலரில் செய்யாதீர்கள். அட்மினாக ஓடும் இன்ஸ்டாலருக்குக் கடை யூசர் யாரென்று தெரியாது. பழைய டேட்டாபேஸ் கிடைத்தால் புது இடத்துக்கு நகல் எடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். இரண்டு இடத்திலும் பில் இருந்தால் தானாகச் சேர்க்க முயலாமல், கடைசி பில் எண்ணையும் தேதியையும் திரையில் காட்டி நிறுத்திவிடுங்கள். அதைச் சேர்ப்பது மனுஷன் பார்த்துச் செய்யவேண்டிய வேலை.

புரோகிராம்டேட்டாவிலும் ஒரு பள்ளம் உண்டு. அங்கே எந்த யூசரும் புது ஃபைல் உண்டாக்கலாம். ஆனால் ஒருவர் உண்டாக்கியதில் மற்ற சாதாரண யூசர் எழுத முடியாது. காலையில் வருபவர் லாகினில் உண்டான டேட்டாபேஸ், மாலையில் வருபவருக்குப் படிக்க மட்டும் திறக்கும். இன்னோ ஸ்கிரிப்டில் டைர்ஸ் பகுதியில் டேட்டா ஃபோல்டரை அறிவித்து ‘யூசர்ஸ்-மாடிஃபை’ அனுமதி கொடுத்தால் தீரும். அந்த அனுமதி டேட்டா ஃபோல்டருக்கு மட்டும். எக்ஸிஇ இருக்கும் ஃபோல்டருக்கு அதைக் கொடுப்பது, கடைக்கு வரும் வைரஸுக்கு நாமே கதவைத் திறந்து வைப்பது.

காலி டேட்டாபேஸைப் பேக்கேஜுக்குள் ஃபைலாக வைக்காதீர்கள். முதல்முறை திறக்கும்போது நிரலே உண்டாக்கிக்கொள்ளட்டும்; அட்டவணை மாற்றங்களையும் அதுவே செய்யட்டும். எம்எஸ்ஐயில் இது இன்னும் கண்டிப்பு. மேஜர் அப்கிரேடில் பழைய வெர்ஷனை முழுசாகக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றும் வழக்கம் உண்டு. டேட்டாபேஸும் பேக்கேஜின் பாகமாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, காலியான ஒன்றை வைத்துவிட்டுப் போகும். இன்னோவில் வேறு வழியில்லாமல் வைத்தே ஆகவேண்டுமென்றால் ‘ஒன்லிஇஃப்டசன்ட்எக்ஸிஸ்ட்’, ‘அன்இன்ஸ்நெவர்அன்இன்ஸ்டால்’ இரண்டு ஃபிளாகும் சேர்ந்தே வர வேண்டும்.

வரி விகிதமும் டேட்டாதான். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, விகிதத்தை எக்ஸிஇக்குள் எழுதி வைத்திருந்தால் ஒவ்வொரு கடைக்கும் புது இன்ஸ்டாலர் போக வேண்டும். ‘இந்தத் தேதி முதல்’ என்ற ஒரு கட்டத்தோடு அட்டவணையில் வைத்திருந்தால் சின்ன ஃபைல் ஒன்றே போதும். பழைய பில்லை மறுபடி அச்சிட்டாலும் பழைய விகிதமே வரும்.

அடையாளமும் வெர்ஷனும்

ஆப்ஐடி (சாஃப்ட்வேரின் நிரந்தர அடையாளம்) ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். அது மாறினால் விண்டோஸ் கண்ணுக்கு அது வேறு சாஃப்ட்வேர். கன்ட்ரோல் பேனலில் இரண்டு பெயர் நிற்கும், கடைக்காரர் பழையதைக் கழற்றுவதாக நினைத்துப் புதியதைக் கழற்றுவார். ஆப்ஐடியே எழுதாமல் விட்டால் இன்னோ ஆப்நேமை அடையாளமாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரிலேயே ‘3.2’ என்று வெர்ஷனையும் ஒட்டி வைத்திருந்தால் ஒவ்வொரு வெளியீடும் தனித்தனி சாஃப்ட்வேராகக் குவியும். பெயர் பெயராகவே இருக்கட்டும்; எண் ஆப்வெர்ஷனில் வரட்டும். எம்எஸ்ஐயில் சாஃப்ட்வேரைக் குறிக்கும் அப்கிரேட்கோடு மாறக்கூடாது. மேஜர் அப்கிரேடுக்கு, வெளியீட்டைக் குறிக்கும் புராடக்ட்கோடு ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். அங்கே வெர்ஷனின் முதல் மூன்று எண்ணை மட்டுமே ஒப்பிடுவார்கள். 3.2.1.4 போய் 3.2.1.5 வந்தால் எம்எஸ்ஐக்கு இரண்டும் ஒன்றே.

வெர்ஷன் எண்ணை ஒரே இடத்தில் எழுதி, எக்ஸிஇக்கும் இன்ஸ்டாலருக்கும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். எக்ஸிஇயின் எண்ணை உயர்த்த மறந்துவிட்டால், பழைய ஃபைலும் புதிய ஃபைலும் ஒரே வெர்ஷன் என்று இன்னோ அதைத் தொடாமலே தாண்டிவிடும். ‘இன்ஸ்டால் முடிந்தது’ என்று வரும், பிழை மட்டும் அப்படியே இருக்கும். சொந்த ஃபைல்களுக்கு ‘இக்னோர்வெர்ஷன்’ போட்டுவிடுவது உத்தமம். விண்டோஸுக்குச் சொந்தமான, பலரும் பகிரும் ஃபைல்களுக்கு அதைப் போடவே கூடாது.

திறந்திருக்கும்போது அப்டேட்

பில் பாதியில் நிற்கும்போது அப்டேட் ஓட்டுவது அன்றாடம் நடப்பது. நிரல் திறக்கும்போது ஒரு மியூட்டெக்ஸ் (‘நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று விண்டோஸுக்குள் காட்டும் பெயர்க்கொடி) உண்டாக்கி, அதே பெயரை ஆப்மியூட்டெக்ஸில் கொடுத்தால் செட்டப் நின்று கேட்கும். ‘குளோபல்’ முன்னொட்டோடும் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்விட்ச் யூசர் கொடுத்து இன்னொரு லாகினில் திறந்து கிடக்கும் நிரல் கண்ணில் படாது. தானாக மூடும் வசதியை மட்டும் நம்பினால், சைலன்ட் முறையில் (எதையும் கேட்காமல்) ஓடும்போது பாதி பில்லோடு நிரலை மூடிவிடும்.

செய்தியைக் கடைக்காரர் படிக்கிற மாதிரி எழுதுங்கள். ‘பில் போடும் சாஃப்ட்வேர் இன்னும் திறந்திருக்கிறது. பில்லை முடித்து மூடிவிட்டு, சரி என்பதை அழுத்துங்கள்’ என்றால் போதும். ‘செயலி நிகழ்வு கண்டறியப்பட்டது’ என்று எழுதினால் நமக்குத்தான் போன் வரும்.

ஏற்றும் முன் டேட்டாபேஸை ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும், நிரல் மூடிய பிறகு. எஸ்க்யூலைட் டேட்டாபேஸை வால் முறையில் (டபிள்யூஏஎல், மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) ஓட்டுகிறீர்கள் என்றால், டிபி ஃபைலை மட்டும் நகல் எடுத்தால் கடைசியாகப் போட்ட பில்கள் அதில் இல்லாமல் போகலாம். அவை பக்கத்தில் உள்ள வால் ஃபைலில் இருக்கும். எஸ்க்யூலைட்டின் பேக்கப் வசதியையோ ‘வேக்கம் இன்டு’ கட்டளையையோ பயன்படுத்துவதே சரி. அந்த நகலைத் தேதியோடு பெயரிட்டு, கடைசி ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நிரல் கழித்துவிடலாம்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. நடுவில் கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும். எம்எஸ்ஐ பாதியில் நின்ற வேலையை அடுத்த முறை கண்டுபிடித்துச் சரிசெய்யப் பார்க்கும். இன்னோவில் கேன்சல் கொடுத்தால் ஓரளவு பின்வாங்கும். கரண்ட் போனால் அதற்கு வாய்ப்பில்லை. எனவே அதே செட்டப்பை மறுபடி ஓட்டினால் முழுதும் சரியாகிவிடும் என்ற நிலை எப்போதும் இருக்க வேண்டும். இன்ஸ்டாலருக்குள் ‘ஒருமுறை மட்டும்’ ஓடவேண்டிய வேலைகளை வைக்காமல் இருந்தாலே அது பெரும்பாலும் வந்துவிடும்.

கூடவே போக வேண்டியவை

விசுவல் சி++ ரன்டைம் (நிரல் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் டிஎல்எல் தொகுப்பு): நிரல் 32-பிட் என்றால் விண்டோஸ் 64-பிட்டாக இருந்தாலும் 32-பிட் ரன்டைம்தான் வேண்டும். இங்கேதான் ‘விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை’ என்ற செய்தி பிறக்கிறது. ரன்டைமை ‘கொயட்’, ‘நோரீஸ்டார்ட்’ கொடுத்து ஓட்டுங்கள். எக்ஸிட் கோடு 0 என்றால் சரி. 3010 என்றால் சரி, ரீஸ்டார்ட் வேண்டும். 1638 என்றால் இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது. மூன்றும் வெற்றியே. 1638-ஐத் தோல்வி என்று எடுத்து செட்டப்பை நிறுத்தும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். 1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும்.

டாட்நெட் 4.8 விண்டோஸ் 10-இன் 1903 வெளியீடு முதல் கூடவே வருகிறது. அதற்கு முந்தியதில் ரெஜிஸ்ட்ரியில் ‘ரிலீஸ்’ எண்ணைப் பாருங்கள். 528040 அல்லது அதற்கு மேல் இருந்தால் 4.8 உண்டு. ‘சமமா’ என்று பார்க்காமல் ‘குறையாமல் இருக்கிறதா’ என்று பார்க்க வேண்டும். வெப் இன்ஸ்டாலரை உள்ளே வைத்து அனுப்பினால் பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆஃப்லைன் ஃபைல் நூறு எம்பியைத் தாண்டும், ஆனாலும் அதுவே நல்லது. பென்டிரைவுக்கு ஒன்று, நெட்டில் இறக்க ரன்டைம் இல்லாத சின்ன ஒன்று என இரண்டு பேக்கேஜ் தயாரித்தால் தகராறு இல்லை.

எழுத்துரு தனிச் சங்கதி. விண்டோஸ் 7-இல் லதா இருக்கும், நிர்மலா இருக்காது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா உண்டு. விண்டோஸ் 10-இல் லதா கூடுதல் தமிழ் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டது; கேட்டு ஏற்றினால்தான் வரும். பில் வடிவத்தில் லதா என்று எழுதி வைத்திருந்தால் புதுக் கம்ப்யூட்டரில் வேறு எழுத்துரு வந்து நிற்கும். அகலம் மாறி, 80 மில்லிமீட்டர் தாளில் தொகைக் கட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போலக் கூடவே கொடுக்க உரிமம் உள்ள ஒன்றைப் பேக்கேஜில் வைத்து ஏற்றிவிடுங்கள். அன்இன்ஸ்டாலில் அதை எடுக்க வேண்டாம். வேறு யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீடு) கிடையாது, யூனிகோடு மட்டும்தான். யூசர் பெயரைத் தமிழில் வைத்த கம்ப்யூட்டரில் ஆப்டேட்டா, டெம்ப் என்று எல்லாப் பாதையிலும் தமிழ் எழுத்து வரும். நிரலிலோ அது அழைக்கும் ஏதாவதொரு டிஎல்எல்லிலோ பழைய ஆன்சி அழைப்பு ஒன்று இருந்தாலும் பாதை கேள்விக்குறிகளாக மாறி ‘ஃபைல் இல்லை’ என்று வரும். சோதனைக் கம்ப்யூட்டரில் தமிழ்ப் பெயரில் ஒரு யூசர் கட்டாயம் வேண்டும்.

கையொப்பமும் பென்டிரைவும்

கோடு சைனிங் சான்றிதழ் (நிரலை வெளியிட்டவர் யாரென்று உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்று) இல்லாவிட்டால் ‘அன்நோன் பப்ளிஷர்’ என்று மஞ்சள் பட்டை வரும். 2023 ஜூன் 1 முதல் சான்றிதழின் சாவி ஹார்டுவேர் டோக்கனில் அல்லது அதற்கு நிகரான பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்பது விதி; பழையபடி ஃபைலாக வைத்து எல்லோருக்கும் பகிர முடியாது. டோக்கன் யார் கையில் இருக்கிறது, அவர் லீவில் போனால் யார் கையொப்பம் போடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கையொப்பத்தோடு டைம்ஸ்டாம்ப் கட்டாயம். அது இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய இன்ஸ்டாலர்களும் சேர்ந்து செல்லாமல் போகும்.

பென்டிரைவில் ஓட்டிப் பார்த்து ‘எச்சரிக்கை எதுவும் வரவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். நெட்டிலிருந்து இறக்கிய ஃபைலில் விண்டோஸ் ஒட்டும் அடையாளம் என்டிஎஃப்எஸ் டிரைவில் மட்டுமே நிற்கும். ஃபேட்32 பென்டிரைவில் நகல் எடுத்தவுடன் அது உதிர்ந்துவிடும். அந்த அடையாளத்தைப் பார்த்து எச்சரிக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீனும் சும்மா இருக்கும். நாகர்கோவில் ஆபீஸில் வராத நீல எச்சரிக்கைத் திரை, லிங்கில் இறக்கிய கடையில் வருவது இதனால்தான். வெளியிடும் முன் உங்கள் டவுன்லோடு பக்கத்திலிருந்தே ஒருமுறை இறக்கி ஓட்டிப் பாருங்கள். யூபிஎக்ஸ் வைத்து எக்ஸிஇயைச் சுருக்குவதையும் விட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ் சந்தேகப்படும், மிச்சமாகும் சில எம்பிக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

கழற்றும்போது

பேக்கேஜ் வைத்ததை மட்டும் பேக்கேஜ் எடுக்க வேண்டும். அன்இன்ஸ்டால்டிலீட் பகுதியில் நிரல் ஃபோல்டருக்கு நட்சத்திரக் குறி போட்டு ‘உள்ளே உள்ளதெல்லாம்’ என்று எழுதாதீர்கள். யாரோ ஒருவர் இன்ஸ்டால் செய்யும்போது டி டிரைவையே ஃபோல்டராகத் தேர்ந்தெடுத்திருப்பார். அன்இன்ஸ்டால் அந்த டிரைவையே துடைத்துவிடும். ஃபோல்டர் கேட்கும் பக்கத்தையே எடுத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு. பூக்கடைக்காரருக்கு அந்தக் கேள்வி எதற்கு? டேட்டா ஃபோல்டர் அன்இன்ஸ்டாலுக்குப் பிறகும் இருக்க வேண்டும்.

பில்ட், சோதனை

வரிசை மாறக்கூடாது:

1. சுத்தமான ஃபோல்டரில் சோர்ஸை இறக்குதல்
2. வெர்ஷன் எண் பதித்தல், கம்பைல்
3. உள்ளே போகும் எக்ஸிஇ, டிஎல்எல்லுக்குக் கையொப்பம்
4. இன்ஸ்டாலர் கம்பைல், அதற்கும் அன்இன்ஸ்டாலருக்கும் கையொப்பம்
5. எஸ்எச்ஏ-256 எண் எடுத்து இன்ஸ்டாலரோடு வைத்தல்

ஐந்தும் ஒரே கட்டளையில் ஓட வேண்டும். மூன்றை மறந்து நான்கை மட்டும் செய்தால் செட்டப் ஓடும்போது பெயர் சரியாக வரும். நிரல் அட்மின் கேட்கும்போது மறுபடி ‘அன்நோன்’ வரும். எஸ்எச்ஏ எண், பென்டிரைவில் ஃபைல் கெட்டிருக்கிறதா என்று பார்க்க உதவும். கடையில் ‘செர்ட்யூடில்’ கட்டளையில் சரிபார்க்கலாம். அனுப்பிய ஒவ்வொரு இன்ஸ்டாலரையும் அப்படியே சேமித்து வையுங்கள். பழைய வெர்ஷனிலிருந்து அப்டேட் சோதிக்க அது வேண்டும்.

சோதனைக்கு எழுதும் கம்ப்யூட்டர் உதவாது. அதில் எல்லா ரன்டைமும் ஏற்கெனவே இருக்கும். வெர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட் எடுத்து ஓட்டுங்கள். அவசரத்துக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் போதும், ஆனால் ஹோம் பதிப்பில் அது கிடையாது. குறைந்தது இவை ஓட வேண்டும்: காலிக் கம்ப்யூட்டரில் முதல் இன்ஸ்டால், போன வெர்ஷனிலிருந்து அப்டேட், இரண்டு வருஷம் பழைய வெர்ஷனிலிருந்து நேரடி அப்டேட் (ஏனென்றால் நடுவில் வந்ததை எந்தக் கடையும் ஏற்றியிருக்காது), சாதாரண யூசர் லாகினில் வேறொருவரின் அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து இன்ஸ்டால், நடுவில் வெர்ச்சுவல் மெஷினை டப்பென்று அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுவது. பாஸ்வேர்டு சோதனையில் டெஸ்க்டாப் ஐகான் அட்மினின் திரைக்குப் போகிறதா, கடை யூசரின் திரைக்கு வருகிறதா என்று பாருங்கள். எல்லோருக்குமான டெஸ்க்டாப்பில் வைத்தால் இந்தக் கேள்வி எழாது.

தூரத்திலிருந்து ஏற்ற ‘வெரிசைலன்ட்’, ‘சப்ரஸ்எம்எஸ்ஜிபாக்சஸ்’, ‘நோரீஸ்டார்ட்’, ‘லாக்’ நான்கு ஸ்விட்சும் வேண்டும். ரீஸ்டார்ட் தேவை என்பதை இன்னோ தானாக 3010 என்று சொல்லாது. ‘ரீஸ்டார்ட்எக்ஸிட்கோடு’ என்ற ஸ்விட்சில் அந்த எண்ணை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பதும் பேக்கேஜ் வேலையில் பாதி. தோவாளையில் விடியுமுன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். அங்கே மத்தியானத்துக்கு மேல்தான். மீன் கம்பெனிகளுக்குப் பெரிய வெர்ஷன் மாற்றத்தை விசைப்படகுத் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். மாவட்டத்துக்குள்ளேயே அது இரண்டு: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்தில் முதலில் ஏற்றி, ஜூன் முதல் இரண்டு வாரத்தில் வரும் கோளாறுகளைச் சரிசெய்துவிட்டுக் குளச்சலுக்குப் போனால், அங்கே படகு இறங்கும் முன் இன்னும் ஆறு வாரம் கையில் இருக்கும்.

கோளாறு என்று போன் வந்தால் முதலில் கேட்கவேண்டியது லாக் ஃபைல். அதை டெம்ப் ஃபோல்டருக்குள் தேடச் சொன்னால் எந்தக் கடைக்காரராலும் முடியாது. லாக் ஃபைலின் நகலை டேட்டா ஃபோல்டரில் வைத்து, ஹெல்ப் மெனுவில் ‘லாக் ஃபைலை டெஸ்க்டாப்பில் வை’ என்று ஒரு பட்டன் கொடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். செட்டப்பே பாதியில் நின்று நிரல் திறக்காத கடைக்கு, டெம்பிலிருந்து லாகை எடுத்து டெஸ்க்டாப்பில் வைக்கும் சின்ன பேட்ச் ஃபைல் ஒன்றும் பென்டிரைவில் கூடவே போகட்டும்.